பிரித்துப் பார்க்கிறவர்

பழுதான இன்வெர்ட்டர் ஆய்வகத்துக்கு வரும்போது அதனோடு கட்டியிருக்கும் சீட்டில் பெரும்பாலும் ஒரு வரிதான் இருக்கும்: ஓடிக்கொண்டிருந்த வண்டி நின்றுவிட்டது. எத்தனை கிலோமீட்டர் ஓடியது, மேட்டில் நின்றதா சமதளத்தில் நின்றதா, மழையா வெயிலா, வண்டியில் பாரம் எவ்வளவு என்று எதுவும் இருக்காது. ஓசூர்ப் பக்கம் மின்வாகன உதிரிபாகங்களைச் சோதிக்கும் ஆய்வகத்தில் பழுதாய்வு செய்யும் அந்தப் பொறியாளர் ஸ்குரூடிரைவரை எடுப்பதற்கு முன் தொலைபேசியை எடுப்பார். வண்டியை இறக்கிய மெக்கானிக்கோடு பேசியாக வேண்டும்.

"அண்ணே, வண்டி எங்க ஓடுனது?"

"ஏற்காட்டுலங்க மேடம். கீழருந்து மேல சரக்கு ஏத்துற ஆட்டோ. கொண்டை ஊசி வளைவுல நிறுத்தி எடுத்தப்ப நின்னுருச்சுன்னு டிரைவர் சொல்றாரு."

"நிறுத்துனப்ப பிரேக்கப் புடிச்சாரா, இல்ல ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் திருகி வச்சே வண்டிய நிப்பாட்டுனாராண்ணே?"

"திருகித்தாங்க மேடம். மேட்டுல எல்லாரும் அப்படித்தான நிறுத்துவாங்க."

அவருக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. பெட்டியைத் திறப்பதற்கு முன்பே, உள்ளே ஆறு சுவிட்சு வரிசைகளில் ஒன்று மட்டும் கருகியிருக்கும், மற்றவை புதிதாக இருக்கும் என்று அவரால் ஊகிக்க முடிந்தது.

அவர் இந்தத் தொழிலுக்குக் கோவை நூற்பாலைகள் வழியாக வந்தவர். படிப்பு முடிந்ததும் முதல் வேலை, மில் மோட்டார்களுக்கான டிரைவ்களைப் பழுது பார்ப்பது. ஸ்பின்னிங் மெஷினின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் அந்த டிரைவும் மின்காரின் இன்வெர்ட்டரும் சுற்றமைப்பில் ஏறக்குறைய ஒன்றுதான். நேர்மின்சாரத்தை ஆறு டிரான்சிஸ்டர் சுவிட்சுகளால் நொடிக்குப் பல ஆயிரம் முறை திறந்து மூடி, மோட்டாருக்கு வேண்டிய மூன்று ஃபேஸ் மாறுமின்சாரமாக ஆக்குவது இரண்டுக்கும் பொது. மில்லில் டிரைவுக்குப் பஞ்சுத்தூசியும் 24 மணி நேர ஓட்டமும் கோடையில் பேனலுக்குள் கொதிப்பும் உண்டு. அப்படியும் பத்து ஆண்டு ஓடிய டிரைவைத் திறந்தால் அந்தச் சுவிட்சுகள் அடங்கிய பவர் மாட்யூல் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். போயிருப்பது குளிர்விக்கும் ஃபேன், அல்லது உலர்ந்துபோன எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டர்.

வாகனத் துறைக்கு மாறிய பிறகு அவர் கண்டது வேறு. நாளுக்கு இரண்டு மணி நேரம் ஓடும் வண்டியில் மாட்யூலே செத்துக் கிடந்தது. சில்லு அதே சிலிக்கான், கம்பி அதே அலுமினியம், பற்றவைத்த சாலிடரும் அதே வகை. மில் டிரைவ் காலையில் ஒருமுறை சூடேறினால் மெஷினை நிறுத்தும் வரை அதே சூட்டில் கிடக்கிறது. வண்டியோ சிக்னலுக்குச் சிக்னல் சூடாகி, ஆறி, மறுபடி சூடாகிறது. மாட்யூலைக் கொல்வது இந்த ஏற்ற இறக்கம்தான் என்பதை அவர் பாடப்புத்தகத்தில் படித்திருந்தார். கையில் எடுத்துப் பார்த்தது ஓசூரில்.

ஒரு மாட்யூலைக் குறுக்காக வெட்டி, மெருகேற்றி, நுண்ணோக்கியின் கீழ் வைத்தால் அடுக்குகள் தெரியும். மேலே விரல்நகம் அகலத்தில் சிலிக்கான் சில்லு. அதன் அடியில் சாலிடர். அதற்கு அடியில் இருபுறமும் செம்பு ஒட்டிய பீங்கான் தகடு. மின்சாரத்தைத் தடுத்து வெப்பத்தை மட்டும் கீழே கடத்துவது அதன் வேலை. பிறகு இன்னொரு சாலிடர், செம்பு அடித்தட்டு, அதற்கும் கீழே தண்ணீரோ காற்றோ தொடும் குளிர்ப்பரப்பு. சில்லின் மேல்முகத்திலிருந்து மின்சாரத்தைக் கொண்டுபோக, 0.3 முதல் 0.4 மில்லிமீட்டர் பருமனில் அலுமினியக் கம்பிகள். அவை உருக்கி ஒட்டப்படுவதில்லை. அல்ட்ராசானிக் அதிர்வால் தேய்த்து அழுத்திப் பிடிக்க வைக்கப்படுகின்றன.

ஒரு டிகிரி சூடேறினால் சிலிக்கான் பத்து லட்சத்தில் 3 பங்கு அளவுக்கு நீள்கிறது. அலுமினாப் பீங்கான் 7 பங்கு, செம்பு 17, அலுமினியம் 23. ஒன்றோடொன்று இறுகப் பிடித்திருக்கும் இந்தப் பொருள்கள் ஆளுக்கொரு அளவில் விரிந்து சுருங்கும்போது, இடையில் மாட்டிக்கொள்வது சாலிடரும் கம்பியின் பாதமும். கட்டுக்கம்பியை அறுக்கக் கருவி இல்லாதபோது கொத்தனார் அதை இப்படியும் அப்படியும் மடக்கியே ஒடித்துவிடுவார். மாட்யூலுக்குள் நடப்பதும் அந்த மடக்கல்தான். மடக்கின் அளவு மைக்ரான் கணக்கு, மடக்கும் தடவை லட்சக்கணக்கு.

எத்தனை மடக்குக்கு ஒடியும் என்று கணக்கிடும் வழி 1950-களிலேயே பிறந்துவிட்டது. அமெரிக்காவில் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் காஃபினும், விமானவியல் ஆய்வு அமைப்பான நாகாவின் மேன்சனும், ஒருவரையொருவர் சாராமல், வெப்ப ஏற்ற இறக்கத்தில் உலோகம் களைத்துப்போவதற்கு ஒரே வடிவச் சூத்திரத்தை எட்டினார்கள். அவர்கள் மனதில் இருந்தவை டர்பைன்களும் குழாய்களும். அந்தச் சூத்திரம் பவர் மாட்யூலுக்கு வந்து சேர்ந்தது 1990-களில். சுவிட்சர்லாந்தின் லெசிட் ஆய்வுத் திட்டத்தில், ரயில் எஞ்சின்களுக்கான, ஐ.ஜி.பி.டி. என்ற டிரான்சிஸ்டர் வகை மாட்யூல்களைப் பல தயாரிப்பாளர்களிடமிருந்து வாங்கி, சூடாக்கி ஆறவைத்து, சாகும் வரை ஓட்டினார்கள். 1997-ல் வெளியான முடிவு: சில்லின் வெப்ப ஏற்ற இறக்கத்தின் ஏறக்குறைய ஐந்தாம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் ஆயுள் குறைகிறது. 40 டிகிரி ஏறி இறங்கும் சில்லை 80 டிகிரி ஏறி இறங்க விட்டால் ஆயுள் பாதியாவதில்லை, 32-ல் ஒரு பங்கு ஆகிறது. சராசரி வெப்பமும் கூடினால் இன்னும் குறையும்.

புதிதாகச் சேரும் இளைஞர்களிடம் அவர் முதலில் போடச் சொல்லும் கணக்கு இதுதான். கால்குலேட்டரில் ஐந்தாம் அடுக்கைப் போட்டு விடையைக் கண்ணால் பார்த்தவர்கள் பிறகு மாட்யூலுக்கும் குளிர்ப்பரப்புக்கும் இடையிலான வெப்பப்பசையைப் பட்டும் படாமலும் தடவுவதில்லை.

ஆய்வகத்தின் நடுநாயகம் பவர் சைக்கிளிங் மேடை. மாட்யூல் வழியாக மின்சாரத்தைப் பாய்ச்சி அதன் சொந்த இழப்பாலேயே அதைச் சூடாக்கி, நிறுத்தி, ஆறவிட்டு, மறுபடி பாய்ச்சும் இயந்திரம் அது. சில்லுக்குள் வெப்பமானி வைக்க இடமில்லை. அதனால் பெரிய மின்னோட்டத்தை நிறுத்திய உடனே மிகச் சிறிய மின்னோட்டத்தை விட்டு, சில்லின் குறுக்கே விழும் வோல்ட்டேஜை அளப்பார்கள். ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 2 மில்லிவோல்ட் குறையும் என்பதால் அந்த வோல்ட்டேஜே வெப்பமானி ஆகிவிடுகிறது. ஐரோப்பிய பவர் எலக்ட்ரானிக்ஸ் மையமான ஈ.சி.பி.ஈ. 2018-ல் வெளியிட்ட ஏ.க்யூ.ஜி. 324 வழிகாட்டி இந்தச் சோதனையை இரண்டாகப் பிரிக்கிறது. 5 நொடிக்குள் சூடேற்றுவது ஒன்று; அது பெரும்பாலும் கம்பியின் பாதத்தையும் சில்லின் அடியையும் பதம் பார்க்கும். 15 நொடிக்கு மேல் சூடேற்றுவது இன்னொன்று. அப்போது வெப்பம் ஆழமாக இறங்கிப் பீங்கானுக்குக் கீழுள்ள சாலிடரை வருத்தும். சில்லின் குறுக்கேயான வோல்ட்டேஜ் 5 சதவீதம் ஏறினாலோ, வெப்பத்தடை 20 சதவீதம் ஏறினாலோ மாட்யூல் ஆயுள் முடிந்ததாகக் கணக்கு.

வாரக்கணக்கில் அந்த வரைகோடு நேராகவே போகும். பிறகு ஒருநாள் வோல்ட்டேஜ் கோடு ஒரு சிறு படி ஏறியிருக்கும். ஒரு கம்பி எழுந்துவிட்டது என்று பொருள். அது சுமந்த மின்சாரத்தை மற்றக் கம்பிகள் பங்கிட்டுக்கொள்ளும், அவை இன்னும் சூடாகும். அடுத்த படிக்கு இடைவெளி குறையும், அதற்கடுத்ததற்கு இன்னும் குறையும். கடைசிப் படிகள் மணிக்கணக்கில் வரும். சில்லின் மேற்பரப்பில் எழுந்த கம்பியின் காலடித்தடம் மட்டும் வெள்ளையாக மிஞ்சும். சாலிடர் களைப்பு வேறு விதம். அது வெப்பத்தடைக் கோட்டைப் படியில்லாமல் மெதுவாக மேலே தூக்கும். சில்லின் ஓரத்திலிருந்தோ, வெப்பம் மிகுந்த நடுவிலிருந்தோ விரிசல் பரவியிருப்பதைத் தண்ணீரில் மூழ்கவைத்து ஒலிநுண்ணோக்கியால் பார்க்கலாம். வெட்டத் தேவையில்லை. ஒட்டு விட்ட இடம் படத்தில் வெளிறித் தெரியும்.

ஏற்காட்டு ஆட்டோவுக்கு வருவோம். மோட்டார் வேகமாகச் சுற்றும்போது ஆறு சுவிட்சுகளும் மின்சாரத்தை மாற்றி மாற்றிச் சுமக்கின்றன. ஒரு சுற்று சில மில்லி நொடிதான் என்பதால், சில்லு சூடாகத் தொடங்கும்போதே அதன் முறை முடிந்துவிடுகிறது. மேட்டில் ஆக்ஸிலரேட்டரைத் திருகி வண்டியை அசையாமல் பிடித்தால் மோட்டார் சுற்றுவதில்லை. இழுவிசை மட்டும் வேண்டியிருக்கிறது. அந்த நேரம் ரோட்டர் எந்தக் கோணத்தில் நின்றதோ அதற்கேற்ப ஒரு ஃபேஸின் சுவிட்சு பெரும்பங்கு மின்சாரத்தை விடாமல் சுமக்கும். ஆறு பேர் தூக்க வேண்டிய பாரம் ஒருவர் தோளில். வெப்பத்தை அளக்கும் தெர்மிஸ்டர் சில்லிலிருந்து தள்ளிப் பலகையின் ஓரத்தில் இருக்கும். சில்லு கொதித்த பிறகுதான் அதற்குச் சேதி எட்டும். நல்ல வடிவமைப்பில் மென்பொருள் இதைக் கணக்கிட்டு, நின்ற நிலையில் இழுவிசையைச் சில நொடிகளுக்கு மேல் முழுதாகத் தராது. அந்த ஆட்டோவின் கன்ட்ரோலரில் வரம்பு இருந்தது. ஆனால் அது தெர்மிஸ்டரின் சொல்லை மட்டும் நம்பியது.

அறிக்கையில் அவர் ஓட்டுநரைக் குறை சொல்லவில்லை. மலைச்சாலையில் மனிதர்கள் அப்படித்தான் ஓட்டுவார்கள் என்பது வடிவமைப்பாளருக்குத் தெரிந்திருக்க வேண்டிய தகவல். 'ஓட்டுநரின் தவறான பயன்பாடு' என்று எழுதி வாரன்டியை மறுக்கும் அறிக்கைகளைப் படிக்கையில் அவருக்குக் கோபம் வரும். அந்தக் கோபத்தை அவர் மறைப்பதில்லை.

மென்பொருளும் வெப்பமும் எவ்வளவு நெருங்கியவை என்பதற்கு உலகறிந்த எடுத்துக்காட்டு டொயோட்டாவின் பிரியஸ். 1997 டிசம்பரில் ஜப்பானில் வந்த அந்தக் கார்தான் ஹைபிரிட் தொழில்நுட்பத்தைப் பெருமளவில் சாலைக்குக் கொண்டுவந்தது. 2003-ல் வந்த இரண்டாம் தலைமுறையில் 201.6 வோல்ட் பேட்டரியின் வோல்ட்டேஜை 500 வரை உயர்த்தும் பூஸ்ட் கன்வெர்ட்டரைச் சேர்த்தார்கள். மூன்றாம் தலைமுறையில் அது 650 ஆனது. வோல்ட்டேஜ் கூடினால் அதே திறனுக்கு மின்னோட்டம் குறையும், மோட்டாரைச் சிறிதாக்கலாம். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் பிரியஸ் தலைமுறைகளை ஒவ்வொன்றாக வாங்கி, பிரித்து, சில்லின் அளவு முதல் கெப்பாசிட்டரின் எடை வரை அளந்து அறிக்கைகளாக வெளியிட்டது. அவை எவரும் படிக்கக் கிடைக்கின்றன. ஓசூர்ப் பொறியாளருக்கும் அவருடைய தலைமுறையினர் பலருக்கும் அந்த அறிக்கைகளே பாடநூல். ஒரு நிறுவனம் ஒரு சில்லுக்கு எவ்வளவு பீங்கான் பரப்பு ஒதுக்கியது என்று பார்த்தாலே அதன் பொறியாளர்கள் எதற்கு அஞ்சினார்கள் என்று புரியும் என்பார் அவர்.

அந்த மூன்றாம் தலைமுறைப் பிரியஸ் கார்களில் சுமார் 19 லட்சத்தை 2014 பிப்ரவரியில் டொயோட்டா திரும்ப அழைத்தது. பூஸ்ட் கன்வெர்ட்டரை இயக்கும் மென்பொருளின் அமைப்பு, அதிக சுமையில் சில டிரான்சிஸ்டர்களுக்குக் கூடுதல் வெப்ப அழுத்தம் தந்தது, அவை பழுதாகக்கூடும். அப்படி ஆனால் எச்சரிக்கை விளக்குகள் எரிந்து கார் குறைந்த திறனில் நகரும் பாதுகாப்பு நிலைக்குப் போகும், அரிதாக ஓட்டத்திலேயே நின்றுவிடும் என்று நிறுவனம் சொன்னது. தீர்வு மென்பொருளைப் புதுப்பிப்பது. ஒரு திருகைக்கூடக் கழற்றாமல், சுவிட்சை இயக்கும் விதத்தை மாற்றியே வெப்பத்தைக் குறைத்தார்கள். 2018 அக்டோபரில் இன்னொரு அழைப்பு வந்தது. முந்தைய அழைப்புகளில் சரிசெய்யப்பட்ட கார்களில், பழுது நேரும்போது சில சூழல்களில் அந்தப் பாதுகாப்பு நிலைக்கே போகாமல் கார் நின்றுவிடலாம் என்று தெரிய வந்தது. இம்முறை உலகெங்கும் சுமார் 24 லட்சம் கார்கள்.

இதை ஒரு நிறுவனத்தின் தோல்வியாகச் சொல்வதில் அவருக்கு விருப்பமில்லை. பழுது வந்தால் வண்டி எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதும் நம்பகத்தன்மையின் பாதி. சுவிட்சு சாகாமல் காப்பது ஒன்று, செத்தால் வண்டியை ஓரங்கட்டும் அளவுக்காவது நகர வைப்பது மற்றொன்று. இரண்டாவதைச் சோதிக்க, நல்ல சுவிட்சை வேண்டுமென்றே சாகடித்துப் பார்க்க வேண்டும். ஆய்வக வேலையில் அவருக்குப் பிடித்த பகுதி அதுதான். சுவிட்சை இயக்கும் கேட் டிரைவர் ஷார்ட்டை உணர்ந்து அதை அணைக்க ஐ.ஜி.பி.டி.க்குச் சுமார் 10 மைக்ரோ நொடி அவகாசம் உண்டு. புதிய பொருளான சிலிக்கான் கார்பைடில் செய்த சுவிட்சுக்கு 2, 3 மைக்ரோ நொடிதான்.

சிலிக்கான் கார்பைடு வந்தபோது பலரும் வெப்பப் பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தார்கள். டெஸ்லா மாடல் 3-ன் இன்வெர்ட்டரில் எஸ்.டி. மைக்ரோ எலக்ட்ரானிக்ஸின் 24 சிறு மாட்யூல்கள் இந்தப் பொருளில் செய்தவை. பெரும் எண்ணிக்கையில் விற்ற கார்களில் அதுவே முன்னோடி. இழப்பு குறைவு, வெப்பத்தைக் கடத்தும் திறன் சிலிக்கானைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு. ஆனால் இது சிலிக்கானைவிட இரண்டு மடங்குக்கும் மேல் விறைப்பான பொருள். விறைப்பான சில்லு தான் வளையாது, அடியிலுள்ள சாலிடரை வளைய வைக்கும். பழைய சாலிடர் முறையிலேயே அதை ஒட்டி, ஒரே வெப்ப ஏற்ற இறக்கத்தில் சோதித்தபோது, ஆயுள் சிலிக்கானுடையதில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கியது. சில்லு சிறிதாக இருப்பதால் அதே மின்சாரத்துக்கு அது இன்னும் சூடாகிறது என்பதும் சேர்ந்துகொள்ளும்.

அதனால்தான் ஒட்டும் முறையே மாற வேண்டியிருந்தது. வெள்ளித்துகள் பசையைத் தடவி, 250 டிகிரி அளவில் அழுத்தினால் துகள்கள் ஒன்றோடொன்று பிணைந்து திட வெள்ளியாகிவிடும். சீமென்ஸ் பொறியாளர்கள் 1980-களின் இறுதியில் முன்வைத்த முறை இது. ஒட்டும் வெப்பம் 250. ஒட்டிய பின் அது உருக வேண்டுமானால் 961 டிகிரி வேண்டும். சாதாரண வெள்ளீயச் சாலிடர் 220 டிகிரியிலேயே உருகிவிடும். சில்லு 150 டிகிரியில் வேலை செய்யும்போது சாலிடர் தன் உருகுநிலைக்கு அருகில் தளர்ந்து நிற்கிறது, வெள்ளி வெகுதூரத்தில் உறுதியாக நிற்கிறது. வெள்ளி ஒட்டு வந்த பிறகு அவருடைய மேடையில் முதலில் போவது சில்லின் அடியாக இருப்பதில்லை. மேலே உள்ள அலுமினியக் கம்பி முதலில் போகிறது. கம்பியைச் செம்புக்கு மாற்றுகிறார்கள், அல்லது கம்பிக்குப் பதில் செம்புத்தகட்டையே வைத்து ஒட்டுகிறார்கள். அதற்கடுத்துப் பலவீனமான கண்ணி பீங்கானாகிறது. அலுமினாவை விட்டுச் சிலிக்கான் நைட்ரைடுக்குப் போகிறார்கள். அவர் பார்த்த வரையில் இந்தத் துறையின் முன்னேற்றம் முழுவதும் இப்படி ஒரு கண்ணியிலிருந்து அடுத்த கண்ணிக்கு நகர்ந்த கதை.

பொருள் சரி, வடிவமைப்பு சரி என்றாலும் தயாரிப்பில் சிறு ஏற்றத்தாழ்வு போதும். 2022 ஏப்ரலில் சீனாவில் 1,27,785 மாடல் 3 கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. பின்மோட்டார் இன்வெர்ட்டரின் பவர் சில்லுகளில் நுண்ணிய உற்பத்தி வேறுபாடுகள். சிறிது காலம் ஓடிய பின் அவற்றில் சில பழுதாகலாம் என்பது காரணம். புதிதாக இருக்கும்போது எல்லாச் சோதனையிலும் தேறிய சில்லுகள் அவை.

வெப்பத்தை இவ்வளவு பேசிய பிறகு ஈரத்தைப் பேசாமல் விட முடியாது. தமிழ்நாட்டில் வேலை செய்கிறவருக்கு அது இரண்டாம் எதிரி. மாட்யூலுக்குள் ஊற்றியிருக்கும் சிலிக்கோன் ஜெல் தண்ணீர்த்துளியைத் தடுக்கும், நீராவியைத் தடுக்காது. சென்னைக் கடற்காற்றில் இரவெல்லாம் நிற்கும் வண்டியில் ஈரம் மெல்ல ஜெல்லுக்குள் புகுந்து, சில்லின் ஓரத்தில் வோல்ட்டேஜ் மிகுந்த இடத்தில் அலுமினியத்தை அரிக்கும். 85 டிகிரி வெப்பம், 85 சதவீத ஈரப்பதம், 1,000 மணி நேரம் என்பது பழைய சோதனை. நீண்ட காலம் அதை 80 வோல்ட் போன்ற சிறு வோல்ட்டேஜிலேயே செய்தார்கள். வண்டியில் இருக்கும் முழு வோல்ட்டேஜுக்கு அருகில் வைத்துச் செய்யத் தொடங்கியபோது, பழைய சோதனையில் தேறிய பல சில்லுகள் தோற்றன.

இருசக்கர வண்டிகளில் ஈரம் வேறு வழியிலும் வருகிறது. வெயிலில் ஓடிச் சூடான கன்ட்ரோலர் பெட்டியின் மேல் வாட்டர் சர்வீஸில் தண்ணீரைப் பீய்ச்சுகிறார்கள். உள்ளிருக்கும் காற்று சட்டென்று சுருங்கி, ரப்பர் சீலின் ஓரமாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்கிறது. பெட்டி ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் நீரில் கிடந்து தேறியதாகச் சான்றிதழ் இருக்கும். அந்தச் சோதனையில் பெட்டி சூடாக இருக்கவில்லை. காற்றை விட்டு நீரைத் தடுக்கும் மூச்சுவால்வு ஒன்றை வைத்தால் இது தீரும். விலை அற்பம். செலவுக் குறைப்பில் முதலில் அதைக் கழற்றிவிடுகிறார்கள் என்பதை அவர் எத்தனையோ பெட்டிகளில் பார்த்து மனம் வெறுத்திருக்கிறார்.

வெப்பமும் ஈரமும் இல்லாமலேயே சாகும் சில்லுகளும் உண்டு. 1990-களின் தொடக்கத்தில், ரயில் எஞ்சின்களுக்கான உயர் வோல்ட்டேஜ் சாதனங்கள் சும்மா வோல்ட்டேஜைத் தாங்கி நிற்கும்போதே திடீரென்று வெடித்தன. முன்னறிகுறியே இல்லை. ஜெர்மானிய ஆராய்ச்சியாளர்கள் அதே சாதனங்களை நிலத்துக்கு அடியில் 140 மீட்டர் ஆழத்தில் உப்புச் சுரங்கத்துக்குள் கொண்டுபோய் அதே வோல்ட்டேஜில் வைத்தார்கள். அங்கே பழுதுகள் நின்றுபோயின. காரணம் வானிலிருந்து வந்துகொண்டிருந்தது: காஸ்மிக் கதிர்கள் வளிமண்டலத்தில் மோதும்போது பிறக்கும் நியூட்ரான்கள். 800 வோல்ட் கார்களுக்கு 1,200 வோல்ட் தாங்கும் சில்லுகளை வைப்பதற்கு இதுவும் ஒரு காரணம். உயரம் ஏற ஏற நியூட்ரான்கள் பெருகும் என்பதால், லே போன்ற ஊரில் ஓடும் பேருந்துக்குக் கணக்கைத் தனியாகப் போட வேண்டும்.

பெரிய இன்வெர்ட்டரில் கண் வைத்திருக்கும்போது சிறியது காலை வாரும். ஹூண்டாயின் அயோனிக் 5 உள்ளிட்ட கார்களில் ஐ.சி.சி.யு. என்ற ஒருங்கிணைந்த சார்ஜிங் பெட்டி இருக்கிறது. வெளி மின்சாரத்தைப் பெரிய பேட்டரிக்கு ஏற்றுவதும், பெரிய பேட்டரியிலிருந்து 12 வோல்ட் பேட்டரிக்கு மின்சாரம் தருவதும் அதன் வேலை. திடீர் வோல்ட்டேஜ் உயர்வாலும் வெப்ப ஏற்ற இறக்கத்தாலும் அது பழுதாகலாம் என்று 2024 மார்ச்சில் அமெரிக்காவில் ஹூண்டாய், ஜெனிசிஸ் கார்கள் சுமார் 1.47 லட்சம் திரும்ப அழைக்கப்பட்டன. 12 வோல்ட் வறண்டால் கன்ட்ரோலர்களுக்கு உயிர் போய், பெரிய பேட்டரி நிறைந்திருந்தும் கார் இழுவையை இழக்கும். அதே ஆண்டில் இந்தியாவில் 1,744 அயோனிக் 5 கார்களுக்கும் அழைப்பு வந்தது.

2022 மார்ச், ஏப்ரலில் நாட்டின் பல இடங்களில் மின் ஸ்கூட்டர்கள் தீப்பிடித்த பிறகு, பேட்டரிகளுக்கான ஏ.ஐ.எஸ். 156 விதிகள் கடுமையாக்கப்பட்டன. அது வேண்டியதுதான். தீயில் உயிர்கள் போயின. இன்வெர்ட்டர் செத்தால் பெரும்பாலும் தீ எழுவதில்லை, வண்டி நிற்கும், அவ்வளவுதான். அதனால் செய்தியாவதுமில்லை. ஆனால் லாரிகளுக்கு நடுவே மேம்பாலத்தில் ஸ்கூட்டர் நின்றுபோன பெண்ணுக்கு அது சின்ன விஷயமில்லை என்று கூட்டங்களில் அவர் திரும்பத் திரும்பச் சொல்லுவார்.

இப்போது அவருடைய கவலை செகண்ட் ஹேண்ட் வண்டிகளைப் பற்றியது. பழைய மின்வண்டியை வாங்குகிறவர் பேட்டரியின் ஆரோக்கியம் எத்தனை சதவீதம் என்று கேட்கக் கற்றுக்கொண்டார். இன்வெர்ட்டர் தன் ஆயுளில் எவ்வளவு செலவழித்திருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை, கேட்டாலும் சொல்ல ஆளில்லை. கணக்கு தெரியாமல் இல்லை. ஜப்பானில் மட்சுய்ஷியும் எண்டோவும் 1968-ல் வகுத்த முறைப்படி, குழப்பமான ஏற்ற இறக்கங்களிலிருந்து தனித்தனிச் சுழற்சிகளைப் பிரித்து எண்ணலாம். ஒவ்வொரு சுழற்சியும் ஆயுளில் எவ்வளவு தின்றது என்று மைனர் என்பவர் 1945-ல் தந்த விதியால் கூட்டலாம். வண்டியின் கன்ட்ரோலரில் மின்னோட்டமும் வெப்பமும் ஏற்கெனவே ஒவ்வொரு கணமும் அளக்கப்பட்டு, பயன்படுத்திய அடுத்த நொடியே மறக்கப்படுகின்றன. அவற்றைச் சில கட்டங்களாகத் தொகுத்துச் சேமிக்கச் சில கிலோபைட் நினைவகம் போதும். அவர் தனக்குத் தெரிந்த கன்ட்ரோலர் தயாரிப்பாளர்களிடம் இதற்காகப் பேசிக்கொண்டிருக்கிறார். ஒரு நிறுவனம் தன் அடுத்த மாடலின் மென்பொருளில் 16 வெப்பக் கட்டங்கள் கொண்ட எண்ணியை வைக்க ஒப்புக்கொண்டிருக்கிறது. கட்டங்களின் எல்லைகளை எங்கே வைப்பது என்பதில் இன்னும் உடன்பாடு வரவில்லை. 60 டிகிரிக்கு மேலான ஏற்ற இறக்கங்களுக்கு நெருக்கமான கட்டங்கள் வேண்டும் என்பது அவர் கட்சி.